உதாரணத்துக்கு ஒரு கல்யாணம்

எனக்குக் கோபம் சட்டென்று வந்துவிடும். பட்டாளத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம் என்று வீட்டில் சொல்வார்கள். அதெல்லாம் இல்லை, பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னாலேயே இந்தக் குணம் இருந்தது. சிக்னல்ஸ் என்கிற தகவல் தொடர்புப் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, தொண்ணூறாம் வருஷம் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்தேன். சுந்தரபாண்டியன் சென்டர் என்றால் அப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல. அந்த சென்டரில் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த அரவிந்தவல்லி டீச்சரைப் பற்றி.

டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கோயிலை ஒட்டிய தெரு. அப்பா ஸுந்தரராஜன் தபால் ஆபீஸில் வேலை பார்த்து, ரிடையர் ஆவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் அம்மா ஜயலக்ஷ்மி மட்டும்தான். டீச்சர் கணக்கில் பி.எஸ்ஸி. முடித்து, மதுரையில் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தார். வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. வருகிற வரனில் ஜாதகம் ஒத்துப்போனால் சீர் இடிக்கும். இரண்டும் ஒத்துப்போனால், "பொண்ணு கம்ப்யூட்டரெல்லாம் படிச்சிருக்கா, சொன்ன பேச்சு கேப்பாளா?" என்று ஒரு சந்தேகம் வந்துவிடும். டீச்சர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குத்தான் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும்.

அவரிடம் எதைச் சொன்னாலும், "எங்கே சார், ஒரு உதாரணம் சொல்லுங்கோ" என்பார். "இந்த ஊர்க்காரப் பயலுகளுக்கு நன்றியே கிடையாது" என்று நான் கத்திக்கொண்டு வந்தால், "ஒரு உதாரணம்?" என்பார். நான் யோசிப்பேன். யோசிக்கிற நேரத்தில் கோபம் பாதி இறங்கிவிடும். பாடமும் அப்படித்தான் நடத்துவார். முதலில் உதாரணம், அப்புறம்தான் விளக்கம். விளக்கம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, உதாரணத்தை அப்படியே அடித்தால் கம்ப்யூட்டர் ஏதாவது ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

இந்தப் பிடிவாதம் வந்ததற்கு ஒரு கூத்து உண்டு. கம்ப்யூட்டரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில், அடித்த கடிதத்துக்கு ஒரு பெயர் கொடுத்துப் பத்திரப்படுத்தவும், உதாரணமாக 'லெட்டர்' என்று போட்டிருந்தது. படிக்க வந்த அத்தனை பேரும் அவரவர் கடிதத்துக்கு 'லெட்டர்' என்றே பெயர் வைத்தார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எழுதியது அழித்துக்கொண்டே போனது. தளவாய்புரத்திலிருந்து வந்த ஒரு பெண், அரைநாள் உட்கார்ந்து அடித்த வேலை மனுவைத் திறந்தால், யாரோ ஒருவர் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டிருந்தார். அந்தப் பெண் அழுத அழுகை இருக்கிறதே!

"படிச்ச புள்ளைகதான நீங்க? வேற பேரே கிடைக்கலையா?" என்று நான் குதித்தேன்.

"அவாளைத் திட்டாதீங்கோ சார்" என்றார் டீச்சர். "வேற பேரும் வைக்கலாம்னு புஸ்தகத்துல ஒரு வரி இருக்கு. அதை யாரும் படிக்கல. உதாரணத்தை மட்டும்தான் படிச்சிருக்கா. நானா இருந்தாலும் அப்படித்தான் படிப்பேன்."

தொண்ணூற்று மூன்றில் டீச்சர் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதினார். அந்தக் காலத்தில் எங்கள் பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷ் கீபோர்டில் அடித்தால் தமிழில் அச்சாகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைச் செய்து முடித்தார். முதல் தடவை 'அம்மா' என்று காகிதத்தில் வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. இதை வைத்தே பிழைத்துக்கொள்ளலாம் என்று நான் மனக்கோட்டை கட்ட, டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? கேட்டவர்களுக்கெல்லாம் ஃப்ளாப்பியில் போட்டுச் சும்மா கொடுத்தார். புரோகிராம் மட்டுமல்ல, அதை எப்படி எழுதினார் என்கிற மூலத்தையும் வரிக்கு வரி சேர்த்தே கொடுத்தார். யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், திருத்தலாம், திருத்தினால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள் என்று மேலே ஒரு குறிப்பு. இப்போது இதற்குத் திறந்த மூலம் என்று பெயர் வைத்துப் பெரிய மாநாடெல்லாம் நடத்துகிறார்கள். அன்றைக்கு எனக்கு அது கிறுக்குத்தனமாகத்தான் தெரிந்தது.

"என்ன டீச்சர், கோயில் பிரசாதமா இது?" என்று கேட்டேன்.

"நான் கத்துண்டதே யாரோ எழுதி வெச்சதைப் பாத்துத்தானே சார். அவா மூடி வெச்சிருந்தா நான் எங்க போயிருப்பேன்?" என்றார். இதற்கு நான் உதாரணம் கேட்க முடியாது. அவரே உதாரணமாக என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

புரோகிராமோடு ஒரு வழிகாட்டியும் எழுதினார், தமிழில். அதில் கடைசி உதாரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. கூலிக்கு அடித்துத் தருகிற ஜாப் டைப்பிங் கடைக்காரர்கள்தான் இதை அதிகம் வாங்குவார்கள், அவர்களுக்குத் தினமும் வருவது பத்திரிகை வேலை, ஆகவே அதைக் காட்டினால்தான் புரியும் என்பது அவர் எண்ணம். இங்கிலீஷ் புத்தகங்களில் வருகிற ஜான், மேரி எல்லாம் கூடாது, இந்தப் பக்கத்துப் பெயர்களாக இருக்க வேண்டும், அதிலும் மேலே கொம்பும் கீழே வாலும் உள்ள எழுத்துகளாக வர வேண்டும், அப்போதுதான் வரிகள் இடிக்கிறதா என்று தெரியும் என்றார். பெயருக்கு அவர் ஆலோசனை கேட்டது கருத்தம்மாவிடம்.

கருத்தம்மா சென்டரைக் கூட்டித் துடைக்க மம்சாபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். "கருத்தம்மா, உங்க ஊர்ல பொண்ணுகளுக்கு என்ன பேர் வைப்பா? ஒரு பொண்ணு, ஒரு மாப்பிள்ளை, பெத்தவா பேர், எல்லாம் சொல்லு" என்று டீச்சர் கேட்டார். கருத்தம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாமி கும்பிடுகிற முகத்தோடு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மணமகள் சண்முகத்தாய். அப்பா மம்சாபுரம் சிவனாண்டி. மணமகன் சுயம்புலிங்கம். அம்மா கருத்தம்மா.

"உன் பேரையே சொல்றியே!" என்று டீச்சர் சிரித்தார்.

"கம்ப்யூட்டர்ல எம்பேரும் ஏறட்டுமே டீச்சர்" என்றாள் அவள். டீச்சர் அடித்தார். பிரிண்டரில் அழகாக வந்தது. ஃப்ளாப்பிகள் மதுரைக்கும் கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் போயின.

சண்முகத்தாய் கருத்தம்மாவின் அண்ணன் மகள். சிவனாண்டி கூடப்பிறந்த அண்ணன். சுயம்புலிங்கம் கருத்தம்மாவின் சொந்த மகன், லேத் பட்டறையில் வேலை. அதாவது சண்முகத்தாய்க்கு அவன் அத்தை மகன், முறை மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் முறை மாப்பிள்ளை என்றால் பெண் பிறந்த அன்றே அவனுக்கு உரிமை வந்துவிட்டது என்று பேசுவார்கள். அவன் இருக்கும்போது வெளியே பெண் கொடுத்தால், தாலி ஏறுகிற வரைக்கும் பெண் வீட்டுக்காரனுக்கு வயிற்றில் நெருப்புதான். இதெல்லாம் டீச்சருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பெயர்கள் யாருடையவை என்று தெரியாது.

தொண்ணூற்று நான்கு தை மாசம் சண்முகத்தாய்க்குத் தேவதானத்தில் மாப்பிள்ளை பேசி, வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். மாப்பிள்ளை ஐயாதுரை ராணுவத்தில் அஸ்ஸாம் பக்கம் இருந்தான். அவனுடைய அப்பா இருளப்பசாமி ஏதோ நில வழக்குக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வந்தவர், வந்த கையோடு பத்திரிகைக்கும் சொல்லிவிடலாம் என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறார். கடையின் கண்ணாடியில், 'திருமண அழைப்பிதழ்கள் கம்ப்யூட்டரில் தமிழில் அடித்துத் தரப்படும்' என்று எழுதி, கீழே மாதிரிக்கு ஒன்றை ஒட்டி வைத்திருந்தான் கடைக்காரன். டீச்சரின் உதாரணம்தான் அது. ஒரு எழுத்தைக்கூட அவன் மாற்றவில்லை.

இருளப்பசாமி படித்தார். மம்சாபுரம் சிவனாண்டி மகள் சண்முகத்தாய்க்கும், கருத்தம்மா மகன் சுயம்புலிங்கத்துக்கும் பெரியோர்கள் ஆசியுடன் திருமணம். தான் நிச்சயம் செய்த மருமகள், இன்னொருவனோடு, கண்ணாடியில், ஊரே பார்க்க! அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

"இது யார் வீட்டுக் கல்யாணம்யா?" என்று கேட்டிருக்கிறார்.

கடைக்காரன் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அது கம்ப்யூட்டர்ல வந்தது அண்ணாச்சி" என்றானாம்.

போச்சு. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் வந்தது என்றால் அதற்கு மேல் அப்பீல் ஏது? மனுஷர் நேரே ஊருக்குப் போய், முறைகாரன் இருக்கிற பெண் எங்களுக்கு வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் சென்டர் திறக்கும்போதே சிவனாண்டி வந்து நின்றார். கூடவே சண்முகத்தாய். ஜெராக்ஸ் கடையில் சென்டர் பெயரை விசாரித்து, கண்ணாடியிலிருந்து கிழித்துக்கொண்டு வந்த காகிதம் சிவனாண்டி கையில் இருந்தது. கருத்தம்மா ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டாள். விஷயம் புரிந்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க! ஒரு பிள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போடுறதுக்கு எம் மெஷின்தான் கிடைச்சுதா ஒனக்கு?" என்று பாய்ந்தேன். சிவனாண்டி அதற்குள் கையை ஓங்கிவிட்டார். டீச்சர்தான் நடுவில் வந்து நின்றார்.

கருத்தம்மா அழுதுகொண்டே சொன்னாள். "எம் மகனுக்குக் கேட்டேன், அண்ணன் இல்லைன்னுட்டாவ. அவுக சொல்றதும் சரிதான், பட்டறையில இருக்கவனுக்கு யாரு கொடுப்பா? நான் மல்லுக்கு நிக்கல டீச்சர். நெசத்துலதான் இல்லைன்னு ஆயிட்டு, பேராவது ரெண்டும் ஒரு தாள்ல சேந்து இருக்கட்டும்னு நெனச்சேன். அது இம்புட்டுத் தூரம் போவும்னு எனக்கு என்ன தெரியும்?"

அவளைத் திட்டியது எனக்கே பிடிக்கவில்லை. ஒரு தாயின் ஆசை, அதைக் கொண்டுபோய் மெஷினிடம் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதானே.

அப்பா பக்கத்தில் நின்ற சண்முகத்தாய் டீச்சரைப் பார்த்துக் கேட்டாள். "அத்தை சொல்லுச்சு, சரி. நீங்க எழுதுனவுக. அப்படி ஒரு பிள்ளை இருக்காளான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை அந்தப் பெண். டீச்சரின் முகம் செத்துப்போய்விட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு, "நான் தேவதானம் வரேன். நானே சொல்றேன்" என்றார்.

அன்றைக்கே பஸ் ஏறினோம், டீச்சரும் நானும் சிவனாண்டியும். இந்த ஒரு காகிதத்தால் பெண் வீட்டோடு தங்கிவிட்டால், ஊர் அதற்குக் காரணம் கண்டுபிடித்துவிடும். கம்ப்யூட்டர், உதாரணம் என்று அப்புறம் யாரிடம் போய் விளக்குவது? சிவனாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

இருளப்பசாமி ஒயர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரில் சீருடையோடு ஐயாதுரையின் போட்டோ. எங்களை உள்ளே வாங்க என்று சொன்னதே நான் பட்டாளத்தில் இருந்தவன் என்று சொன்னதால்தான். டீச்சர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். புரோகிராம், வழிகாட்டி, உதாரணம், பெயர் தேர்ந்தெடுத்த விதம்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "உதாரணத்துக்கு ஒரு கல்யாணமா?" என்றார். "ஏம்மா, உதாரணத்துக்கு உங்க வீட்ல ஒரு எழவு ஓலை எழுதுவியளா?"

டீச்சர் இல்லை என்று தலையசைத்தார்.

"அந்த அத்தைக்காரிதான சொல்லிக் கொடுத்தா? உள்ளதச் சொல்லு. முறையக் காட்டி எங்களை வெரட்டப் பாக்காளோ?"

நான் டீச்சரைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பழி கருத்தம்மா தலையில் விழும், டீச்சர் கையைத் தட்டிவிட்டு வந்துவிடலாம். ஆனால் அண்ணன் தங்கை உறவு அன்றோடு சரி.

"ஊர்ல வழங்கற பேரெல்லாம் சொல்லுன்னு கேட்டது நான்" என்றார் டீச்சர். "அவ சொன்னா. யார் என்னன்னு விசாரிக்காம எழுதினது நான். தப்பு என்னுது."

"அப்படி என்னம்மா அவசரம்? ஊரான் வீட்டுப் பிள்ளை பேருதான் கிடைச்சுதா? ஒம் பேரைப் போட்டுக்கிட்டா என்ன?"

குத்தலாகத்தான் கேட்டார். பதிலை எதிர்பார்த்தே கேட்கவில்லை. டீச்சர் சிவனாண்டியிடமிருந்து அந்தக் காகிதத்தை வாங்கி, பேனாவை எடுத்து, சண்முகத்தாய் என்ற பெயரை அடித்தார். மேலே அரவிந்தவல்லி என்று எழுதினார்.

"போட்டுட்டேன். இனிமே போற ஃப்ளாப்பி எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்கும்."

அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெரியவரின் மனைவி சுந்தரம்மாள் பதறிப்போய் வெளியே வந்தார். "ஒனக்குக் கல்யாணம் ஆயிட்டா தாயி?"

"இல்ல."

"இல்லையா? நல்லாருக்குதே! நாளைக்கு ஒன்னையப் பாக்க வாரவன் இதைப் பாத்தான்னா?"

"உதாரணம்னு சொல்லுவேன்."

"நம்புவானாக்கும்!" என்றார் இருளப்பசாமி.

"நீங்க நம்பறேளா?" என்றார் டீச்சர்.

பெரியவர் காகிதத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கல்யாணம் ஆவாத பிள்ளை தம் பேரைத் தானே எழுதிக் காட்டுது" என்று சுந்தரம்மாள்தான் புருஷனிடம் சொன்னார். "இதுக்கு மேல என்னத்த நம்பணும்ங்கிய? அந்தப் பிள்ளைய செத்த நேரம் உக்காரச் சொல்லுங்க. வந்ததுலருந்து நின்னுக்கிட்டே இருக்கு."

அப்புறம் மோர் வந்தது. மோர் வந்தால் கல்யாணம் வந்த மாதிரிதான். சிவனாண்டி அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். "அவரைச் சமாதானம் பண்றதுக்குச் சொன்னீக, சரி. நெசமாவே உங்க பேரைப் போடப் போறீகளா? மணமகள் பெயர்னு மொட்டையாப் போட்டா ஆகாதா?"

"போட்டுப் பாத்தாச்சு சார். காது குத்துப் பத்திரிகை உதாரணத்துல குழந்தையின் பெயர்னு போட்டேன். சத்திரப்பட்டில ஒருத்தர் 'குழந்தையின் பெயர்'னே அடிச்சு ஊரெல்லாம் கொடுத்துட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"நிஜப் பேர் இருந்தாத்தான் மாத்தணும்னு தோணும். அந்தப் பேர் யாரோடதாவது இருந்துதான் ஆகணும். என்னுதா இருந்தா கேள்வி கேக்கறவா நேரா என்கிட்டயே வருவா. விலாசமும் என்னோடதே போட்டுடறேன்."

"வர்ற வரன் போயிட்டா?"

"ஒரு உதாரணத்தைப் பாத்துட்டு ஓடறவர் போனா போகட்டும் சார்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷம் டீச்சரை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, ஆற்றாமையாகவும் இருந்தது.

மாப்பிள்ளைக்கு மட்டும் உயிரோடு யாருமே இருக்கக் கூடாது என்று, முரண்டு பிடிக்கிற எழுத்துகளாகப் பொறுக்கிக் கோர்த்து ஒரு பெயரை உண்டாக்கினார். சூளைநூற்றுஞானேசன். "இந்தப் பேருல எவனும் பொறந்திருக்கவே மாட்டான்" என்றேன். "அதுக்குத்தான்" என்றார். அழைக்கிறவர்கள் இடத்தில் திருமதி ஜயலக்ஷ்மி ஸுந்தரராஜன். பழைய ஃப்ளாப்பி வாங்கிய எல்லோருக்கும் புதியதை அனுப்பி, பழையதை அழித்துவிடுங்கள் என்று எழுதினார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெராக்ஸ் கடைக்கு நானே போய் மாற்றிவிட்டு, மாதிரியைக் கண்ணாடியில் ஒட்டினால் கண்ணாடி இருக்காது என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

சண்முகத்தாய் கல்யாணம் வைகாசியில் நடந்தது. பத்திரிகை எங்கள் பிரிண்டரில்தான் அடித்தோம். கருத்தம்மா பந்தியில் இலை போட்டாள், சுயம்புலிங்கம் தண்ணீர் ஊற்றினான். டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தாலி கட்டி முடிந்ததும் இருளப்பசாமி பெண்ணையும் மாப்பிள்ளையையும் நேராக அவரிடம் கூட்டிக்கொண்டு வந்து நமஸ்காரம் பண்ணச் சொன்னார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் புரோகிராம் எங்கெங்கோ போனது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் மூலத்தில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினார். அவர் கடிதத்தின் கடைசியில் 'தங்கள் மணவாழ்வு சிறக்க வாழ்த்துகள்' என்று இருந்தது. டீச்சர் சிரித்தார், நானும் சிரித்தேன். நடுவில் ஒரு வரன் விருதுநகரிலிருந்து வருவதாக இருந்து வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் பேசிக்கொள்ளவில்லை.

தொண்ணூற்றாறு ஆவணி என்று ஞாபகம். டீச்சர் உள்ளே வகுப்பில் இருந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளத் தெரியாமல் தள்ளிக்கொண்டு ஒரு மாமி வந்தார். ஒன்பது கஜம் புடவை, முகமெல்லாம் வேர்வை.

"பாண்டியன் சார் நீங்கதானே? நான் அரவிந்தவல்லியோட அம்மா."

நான் பதறி எழுந்து நாற்காலியைப் போட்டேன். உட்கார்ந்ததும் மாமி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பார்க்காமலே அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எங்க ஒண்ணுவிட்ட அண்ணா சடகோபன் திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்தார். அங்க ஏதோ கடையில கிடந்துதாம். கண்டபடி பேசிட்டுப் போயிட்டார்." மாமியின் குரல் தணிந்தது. "அவகிட்ட நான் கேக்கல. கேட்டா எங்க ஆத்தை விட்டே போயிடுவாளோன்னு பயம். பேரைப் பாத்தா நம்மவாளாத் தெரியல. எந்த ஊர்க்காரா, என்ன ஜாதின்னும் புரியல. முதல்ல கோவம் வந்தது. பெருமாள் சந்நிதியில போய் உக்காந்து அழுதேன். அப்புறம் யோசிச்சேன். இத்தனை வருஷமா நான் பாத்துக் கிழிச்சது என்ன? அவளாத் தேடிண்டிருக்கா. என்னண்ட சொல்லப் பயந்துண்டு பத்திரிகையை மட்டும் அடிச்சு வெச்சிருக்கா. அதுலயும் என் பேரைத்தானே போட்டிருக்கா?"

"மாமி..." என்றேன்.

"இருங்கோ, முழுக்கச் சொல்லிடறேன். அந்தப் பிள்ளையாண்டான் யாரா இருந்தாலும் சரி. ஆத்துக்கு அழைச்சுண்டு வரச் சொல்லுங்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். யார் என்ன பேசினாலும் நான் பாத்துக்கறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்."

இமயமலையில் பனிப்புயலுக்கு நடுவே ஒயர்லெஸ்ஸில் கத்தினவன் நான். அன்றைக்கு உள்ளே வகுப்புக்குக் கேட்காதபடி கிசுகிசுத்தேன். எப்படியோ சொல்லி முடித்தேன். சண்முகத்தாய் கதையிலிருந்து ஆரம்பித்து, தேவதானம் போனது, பேனாவை எடுத்தது, எல்லாம்.

மாமி முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அப்போ மாப்பிள்ளையே இல்லையா?" என்றார்.

"இல்லை மாமி. உதாரணம்."

திரும்பிப் பார்த்தால் வகுப்பு வாசலில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "அம்மா, நான் உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார்.

மாமி காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். எழுந்து போய் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"பத்திரிகை பொய்யா இருந்துட்டுப் போகட்டும். நான் சம்மதம்னு சொன்னது நிஜம்டி. அதை மாத்திக்க மாட்டேன். நாளைக்கே யாராவது ஒருத்தனைப் பிடிச்சிருக்குன்னு உனக்குத் தோணித்துன்னா, அவன் யார் என்னன்னு நான் கேக்க மாட்டேன்."

டீச்சர் என் முன்னால் அழுது நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அம்மாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தவர்களை நான் கத்தி உள்ளே அனுப்பிவிட்டு, காபி வாங்கிவர நானே எழுந்து போனேன்.